வலிக்காத கட்டி: மார்புப் பரிசோதனை நம் வாசலுக்கு வந்த வரலாறு

மலர்க் குழுவில் என்னிடம், "உடல்நலம் பற்றி ஏதாவது எழுதுங்க அக்கா" என்றார்கள். கீரை, நடைப்பயிற்சி பற்றியெல்லாம் நம் கூட்டங்களில் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. நான் பெண் சுகாதாரத் தன்னார்வலராக வீடு வீடாகப் போகிறவள். பிரஷரும் சுகரும் பார்க்கக் கை நீட்டுகிற அதே பெண்கள், மார்புப் பரிசோதனை என்றதும் அடுக்களைக்குள் போய்விடுகிறார்கள். அதனால் அந்தப் பரிசோதனை எங்கிருந்து வந்தது என்ற கதையை எழுதலாம் என்று நினைத்தேன்.

நம்ம மாவட்டத்தில் மார்பை மூடுவதற்கே ஒரு போராட்டம் நடந்தது. இது திருவிதாங்கூர் ராஜ்யமாக இருந்த காலத்தில், தாழ்த்தி வைக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை போட உரிமை இல்லை. குப்பாயம் போட்டுச் சந்தைக்குப் போன பெண்களின் துணியைக் கிழித்திருக்கிறார்கள். கல்குளம், இரணியல் பக்கமெல்லாம் 1820-களிலேயே கலகம். 1858-59-ல் மறுபடியும் பெரிதாக வெடித்தது. கடைசியில் 1859 ஜூலை 26-ஆம் தேதி உத்திரம் திருநாள் மகாராஜா, நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று உத்தரவு போட்டார். அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல அணியக்கூடாது என்று ஒரு கொக்கி வைத்துத்தான் போட்டார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம்ம ஆச்சிமாருக்கு மாராப்பு என்பது அடிபட்டு வாங்கின மானம். அதை ஒரு ஆஸ்பத்திரி அறையில் விலக்கச் சொன்னால் தயக்கம் வரத்தான் செய்யும். "படிப்பறிவில்லாத வெக்கம்" என்று சில பேர் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது.

ஆஸ்பத்திரிக்கு நம்ம ஊரில் பஞ்சம் இருந்ததில்லை. லண்டன் மிஷன்காரர்கள் 1838-லேயே நெய்யூரில் வைத்தியத்தைத் தொடங்கிவிட்டார்கள். அங்கே வேலை பார்த்த பென்டல் என்ற டாக்டர், திருவிதாங்கூரில் கண்ட 1,700 புற்றுநோயாளிகளின் கணக்கை 1908-ல் இங்கிலாந்தின் மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். பெரும்பாலும் வாய்ப்புற்று. 1933-ல் நெய்யூர் டாக்டர் ஓர், வெத்தலை போடுகிறவர்களுக்கு வரும் வாய்ப்புற்றைப் பற்றி இன்னொரு பத்திரிகையில் எழுதினார். ஆக, உலகத்துக்கே புற்றுநோய்ப் பாடம் சொன்ன ஊர் நம்மது. வெத்தலைப் பழக்கம்தான் அந்தக் கணக்குக்குக் காரணம், சந்தேகமில்லை. ஆனாலும் எனக்கு ஒரு எண்ணம் ஓடும். வாயில் வந்த புண் நாலு பேர் கண்ணுக்குத் தெரியும், சாப்பிட முடியாது, ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் ஆக வேண்டும். சட்டைக்குள் வந்த கட்டி எத்தனை அந்தக் கணக்கில் ஏறாமலேயே போயிருக்கும்?

தமிழ்நாட்டில் புற்றுநோய்க்கென்று ஒரு ஆஸ்பத்திரி வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் ஒரு பெண். புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டராக வெளியே வந்தார். 1923-ல் அவருடைய தங்கை புற்றுநோயில் இறந்துபோனார். கூடவே இருந்து பார்த்த அந்த வேதனை அவரை விடவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் பேரில் நிதி திரட்டி, 1952-ல் நேருவை வைத்து அடிக்கல் நாட்டி, 1954-ல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் திறந்தார். நம்ம மாதிரி ஒரு பெண்கள் சங்கம் காசு சேர்த்து எழுப்பின ஆஸ்பத்திரி அது! அடுத்த வருஷம் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-ல் கண்ணை மூடும்வரை அந்த வேலையை விடவில்லை. அப்போதெல்லாம் பெண்களுக்கு அதிகமாக வந்தது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். பிறகு அது குறைய, மார்புப் புற்றுநோய் முன்னால் வந்துவிட்டது. 2022-ஆம் வருஷக் கணக்குப்படி இந்தியாவில் புதிதாக மார்புப் புற்றுநோய் வந்த பெண்கள் சுமார் 1,92,000 பேர். அந்த ஒரே வருஷத்தில் இறந்தவர்கள் சுமார் 98,000 பேர்.

வெளிநாடுகளில் மாமோகிராம் என்ற எக்ஸ்ரே வந்தது. 1913-ல் சாலமன் என்ற ஜெர்மன் டாக்டர், அறுத்து எடுத்த மார்புகளை எக்ஸ்ரேயில் பார்த்ததுதான் அதன் தொடக்கம். நோயே தெரியாத பெண்களைக் கூப்பிட்டுச் சோதித்தால் உயிர் பிழைப்பார்களா என்று 1963-ல் நியூயார்க்கில் சுமார் 62,000 பெண்களை வைத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு எக்ஸ்ரேயும் கைப் பரிசோதனையும் செய்யக் கூப்பிட்டார்கள், மறுபாதிக்கு வழக்கமான வைத்தியம். பத்து வருஷத்தில் முதல் கூட்டத்தில் மார்புப் புற்றுச் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது.

ஆனால் ஊருக்கு ஊர் அந்த மெஷினை வைக்க நம்மால் முடியுமா? அதைப் படித்துச் சொல்லவே தனி டாக்டர் வேண்டும். வயது குறைந்த பெண்களின் மார்புத் தசை இறுக்கமாக இருப்பதால் படமும் தெளிவாக விழாது. வெறும் கையால் தடவிப் பார்த்தே கண்டுபிடிக்க முடியாதா என்ற கேள்விக்குப் பதில் தேடின இடங்களில் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 2006 முதல் 30 வயதிலிருந்து 69 வயது வரை உள்ள 1,15,652 பெண்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிக்குப் பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் மார்பைக் கையால் சோதித்தார்கள். அந்தப் பாதியில் கண்டுபிடித்த புற்றுநோயில் ஆரம்பநிலை 43.8 சதவீதம். சோதிக்காத பாதியில் 25.4 தான். களியக்காவிளை தாண்டினால் வருகிற ஊர்களின் கணக்கு இது.

மும்பையில் டாடா ஆஸ்பத்திரிக்காரர்கள் 1998-ல் தொடங்கி, குடிசைப் பகுதிகளில் சுமார் ஒன்றரை லட்சம் பெண்களை இருபது வருஷம் கவனித்தார்கள். அங்கேயும் சோதித்தவர்கள் டாக்டர்கள் இல்லை, பயிற்சி பெற்ற பெண்கள். 50 வயது தாண்டினவர்களில் சாவு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. அதற்குக் கீழே உள்ள வயதில் அப்படிக் குறையவில்லை. எல்லா வயதையும் சேர்த்தால் 15 சதவீதம், அதுவும் உறுதியாகச் சொல்ல முடியாத அளவு. இதையும் சொல்லத்தான் வேண்டும். நல்லதை மட்டும் சொல்லிக் கூப்பிட்டால் நாளைக்கு நம்ம பேச்சை யார் நம்புவார்கள்?

அதே மாதிரி இன்னொரு விஷயம். "மாசம் ஒருக்கா நீயே தடவிப் பார்த்துக்கோ, போதும்" என்று பலரும் சொல்லுவார்கள். சீனாவில் ஷாங்காய் நகரத்துத் துணி ஆலைகளில் 2,66,064 பெண்களை வைத்து அதைச் சோதித்தார்கள். சொல்லிக் கொடுத்த பாதியில் பத்து வருஷத்தில் இறந்தவர்கள் 135 பேர், சொல்லிக் கொடுக்காத பாதியில் 131. வித்தியாசமே இல்லை. அதுக்காக நம்ம உடம்பை நாமே கவனிக்க வேண்டாம் என்று அர்த்தமில்லை. குளிக்கும்போது புதிதாக ஒன்று கைக்குத் தட்டுப்பட்டால் உடனே போய்க் காட்டணும். நானே பார்த்துக்கிட்டேன் என்று நர்ஸிடம் போகாமல் இருப்பதுதான் கூடாது.

தமிழ்நாட்டில் 2012 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதற்காகவே நர்ஸ்களைப் போட்டு, 30 வயது தாண்டின பெண்களுக்கு மார்பும் கர்ப்பப்பை வாயும் பார்க்கத் தொடங்கினார்கள். 2016-ல் மத்திய அரசு, 30 முதல் 65 வயது வரை ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை என்று முறை வகுத்தது. 2021 ஆகஸ்ட் 5-ல் மக்களைத் தேடி மருத்துவம் வந்தது. அதற்குச் சுய உதவிக் குழுக்களிலிருந்து பெண்களை எடுத்தார்கள். நானும் அப்படி வந்தவள்தான். குழுவில் கடன் கணக்கு எழுதின கையில் பிரஷர் மெஷின் வந்தது.

வாசலில் கேட்கிற பேச்சு எல்லா ஊரிலும் ஒன்றுதான். "எனக்கு வலி ஒண்ணும் இல்லியே மக்கா." "அவியகிட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்." "ஆம்பள டாக்டரா இருப்பாரு, நான் வரமாட்டேன்." அண்டி ஆபீசில் வேலை பார்க்கிறவர்களுக்கு இன்னொன்றும் உண்டு, ஒரு நாள் சம்பளம் போகும். கடைசிக் காரணத்துக்கு என்னிடம் பதில் இல்லை, கூட்டமைப்புதான் யோசிக்கணும். ஆம்பள டாக்டர் பயத்துக்கு உடனே பதில் உண்டு. பார்ப்பது நர்ஸ், திரை போட்டுத்தான் பார்ப்பார்கள், பத்து நிமிஷம்கூட ஆகாது. வலி இல்லை என்கிறவர்களிடம்தான் நான் ரொம்ப நேரம் உட்காருவேன். ஆரம்பத்தில் இந்தக் கட்டி பெரும்பாலும் வலிக்காது. நல்லமிளகு அளவில் தொடங்கினது கொல்லாங்கொட்டை அளவுக்கு வந்த பிறகும் சும்மா இருக்கும். தோல் குழிந்து போவது, ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆவது, காம்பு உள்ளே இழுப்பது, காம்பிலிருந்து ரத்தம் கசிவது, கக்கத்தில் கட்டி, இதில் எது இருந்தாலும் போய்க் காட்டணும். தட்டுப்படுகிற கட்டியில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லுவேன். இல்லாவிட்டால் பயந்துபோய் ராத்திரி தூங்கமாட்டார்கள்.

நர்ஸ் சந்தேகப்பட்டு ஆசாரிபள்ளத்துக்கு எழுதிக் கொடுத்த பிறகுதான் உண்மையான இழுபறி. சீட்டை அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டு, ஓணம் கழியட்டும், பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போடுவார்கள். அதனால் எங்கள் பகுதிக் குழுக்களில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். சீட்டு வாங்கினவரோடு குழுவில் இன்னொருத்தி பஸ் ஏறுவாள். காப்பீட்டு அட்டை, ஆதார், பழைய சீட்டு எல்லாம் அவள் பையில் இருக்கும். ஊசி போட்டுச் சதை எடுத்து ரிசல்ட் வரும்வரை, அந்த வீட்டுக் கடன் தவணையைப் பற்றிக் கூட்டத்தில் யாரும் வாயைத் திறக்கக்கூடாது.

2021-ல் பரிசோதனை செய்தவர்களுக்கு ஐந்து வருஷக் கணக்குப்படி 2026-ல் அடுத்த முறை வருகிறது. எங்கள் ஊர்ப் பேர்களை ரிஜிஸ்டரில் சிவப்பு மையில் குறித்து வைத்திருக்கிறேன். முதல் தடவை அடுக்களைக்குள் போனவர்களின் பேரும் அதில் இருக்கிறது.