பஸ்தி

ஹைதராபாத்தின் ஜீடிமெட்லா தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள தொழிலாளர் குடியிருப்புகளைப் ‘பஸ்தி’ என்பார்கள். ‘வசதி’ என்ற வடசொல்லின் வழி வந்தது. பொருள், வசிக்கும் இடம். சமணக் கோயிலைக் குறிக்கும் கன்னடப் ‘பசதி’யும் இதன் உறவே. தமிழில் அதே ‘வசதி’ சௌகரியம் ஆகிவிட்டது, வேடிக்கைதான்! கொல்கத்தா நகராட்சிச் சட்டமே குடிசைத் தொகுதியைத்தானே பஸ்தி என்கிறது என்று ஒருவர் மறுக்கலாம். உண்மை, ஆனால் அந்த இழிவு நிர்வாகம் ஏற்றியது. இடிப்புத் திட்டங்கள் வழியே இது நடக்கும்: பிரிட்டனில் 1930இல் வந்த கிரீன்வுட் சட்டம் நெரிசல் குடியிருப்புகளை இடித்து மாற்று வீடு தர வழிசெய்தது. நிஜாம் ஆட்சியில் 1912இல் அமைந்த ஹைதராபாத் நகர மேம்பாட்டு வாரியமும் அதற்கு முன்பே அதேபோல வீடுகள் கட்டியது. காற்றும் வெளிச்சமும் கிடைத்ததை மறுக்க முடியாது. ஆயினும் ‘இடிக்கத் தக்கது’ என்று அரசு முத்திரை குத்திய இடத்தின் பெயர் மெல்ல வசையாகிவிடும். அரசாணை இல்லாமலும் சொல் தாழ்வதுண்டு. நம் ‘சேரி’யைச் சாதியே தாழ்த்தியது. பிராமணக் குடியிருப்பான உத்திரமேரூரின் பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு, ஊரின் பகுதிகளைச் சேரி என்றே சொல்கிறது. பஸ்திக்கு அந்தக் கதி முழுதாக நேரவில்லை. ஹைதராபாத்தில் 2018 முதல் அரசு திறந்துவரும் சிறு மருத்துவ நிலையங்களின் பெயர் ‘பஸ்தி தவாகானா’.