காற்று சுமந்த தானியம்

களத்துமேட்டில் நெல் தூற்றுவதைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். காற்று பதரைக் கொண்டுபோகும். மணி காலடியில் விழும். ஆனால் காற்றின் விரைவு வினாடிக்கு 20 மீட்டரைத் தாண்டினால், குழாய்க்குள் மணியும் பறக்கத் தொடங்கிவிடும். இந்த எளிய உண்மையின்மீது எழுந்ததே காற்றுக்குழாய் முறை. அது துறைமுகத்திற்கு வந்த கதையைச் சுருக்கமாகக் காண்போம்.

தானியத்தை இறக்க அதற்கு முன்பும் பொறி இருந்தது. அமெரிக்காவின் பஃபலோ நகரில் 1842இல் ஜோசப் டார்ட் நீராவியால் இயங்கும் வாளித்தொடர் ஏற்றியை அமைத்தார். குறைந்த ஆற்றலில் நிறைய அள்ளக்கூடியது அது. ஆயினும் கப்பலின் அடித்தளத்து மூலைகளை வாளிகள் எட்டுவதில்லை; ஆட்கள் இறங்கி, புழுதிக்குள் நின்று, தானியத்தை அள்ளித் தள்ள வேண்டும். இலண்டன் மில்வால் துறையின் பொறியாளர் ஃபிரெடரிக் எலியட் டக்கம் 1890களில் இதற்கு வேறு வழி கண்டார். வளையும் குழாயைக் கப்பலுக்குள் இறக்கித் தானியத்தைக் காற்றால் உறிஞ்சச் செய்தார்.

இங்கே தேர்வு என்னும் சிக்கல் எழுகிறது. காற்றை ஊதியும் தள்ளலாம், உறிஞ்சியும் இழுக்கலாம். ஓரிடத்திலிருந்து பல இடங்களுக்கு அனுப்ப ஊதுமுறை ஏற்றது. பல மூலைகளிலிருந்து ஓரிடத்தில் சேர்க்க உறிஞ்சுமுறை ஏற்றது. குழாயில் விரிசல் விழுந்தால் ஊதுமுறையில் புழுதி வெளியே பீறிடும். உறிஞ்சுமுறையில் வெளிக்காற்றே உள்ளே போகும். ஆனால் உறிஞ்சுவிசை ஒரு வளிமண்டல அழுத்தத்தை மிஞ்ச முடியாது. ஆகவே நெடுந்தொலைவுக்கு அது உதவாது. வாளித்தொடரைவிட எரிபொருட் செலவும் பன்மடங்கு. கப்பலிலிருந்து அருகே நிற்கும் படகுக்கு மாற்ற அவ்வளவு தொலைவு தேவையில்லை என்பதால் துறைமுகம் உறிஞ்சுகுழாயைத் தேர்ந்தது.

கணக்கு இத்துடன் முடிந்திருந்தால் இது பொறியியல் பாடமாக மட்டுமே இருந்திருக்கும். ரோட்டர்டாம் துறைமுகத்தில் அது மனிதர்களின் கணக்காயிற்று. ரைன் நதிவழி ஜெர்மனிக்குச் செல்லும் தானியம் அங்கே கப்பலிலிருந்து படகுகளுக்கு மாறியது. அள்ளுவோர், சுமப்போர், எடை போடுவோர் எனப் பலருக்கு அதுவே பிழைப்பு. 1905ஐ ஒட்டி மிதவை உறிஞ்சிகள் அங்கு வந்தன. அவை தானியத்தை அள்ளியதோடு நில்லாமல் தாமே எடையும் போட்டன. தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர், வணிகர்கள் தயங்கினர், பொறிகள் சிலகாலம் ஒதுக்கப்பட்டன. 1907இல் மூண்ட பெரும் வேலைநிறுத்தமோ தோல்வியில் முடிந்தது. மறு ஆண்டே உறிஞ்சிகளை இயக்குவதற்கென ஒரு நிறுவனம் அங்குத் தோன்றியது.

அத்தொழிலாளரைப் பழமைவாதிகள் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் புழுதியில் நின்று இருமியவர்களும் அவர்களே. புழுதியை விழுங்கிய பொறியால் வேலை இழந்தவர்களும் அவர்களே. நுரையீரலுக்கு நன்மை செய்த பொறி அடுப்பை அணைத்தது. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் எழுதும் வரலாறு பாதி வரலாறே என்று கருதுகிறோம்.

எந்தப் பொருள், எவ்வளவு தொலைவு, எவ்வளவு எரிபொருள் என்று கேட்டே பொறியாளர் இன்றும் முறையைத் தேர்கிறார். அந்தப் பட்டியலில் இன்னொரு கேள்வியையும் ரோட்டர்டாம் சேர்த்துவைத்திருக்கிறது: இதுவரை இதைச் சுமந்தவர் யார், இனி அவர் எங்கே போவார்?