பேட்டன்ட் 78

மூலாதாரம் என்றதும் பிள்ளைகள் கல்வெட்டைத்தான் சொல்வார்கள். இத்தாலியின் கம்பக்னோலோ கம்பனி 1970களில் செய்த 'நுவோவோ ரெக்கோர்ட்' பின்கியர் மாற்றியிலும் ஒரு கல்வெட்டு உண்டு: 'பேட்டன்ட் 74', 'பேட்டன்ட் 78' என்று, செய்த ஆண்டு. பழைய ரேஸ் சைக்கிளுக்குப் பாகம் தேடுவோர் அதைத்தான் புரட்டிப் பார்ப்பார்கள்.

தஸ்கனியின் கையோலே ஊரில் 1997 முதல் நடக்கும் 'லெரோய்கா' ஓட்டம் 1987க்கு முந்திய சைக்கிள்களுக்கானது. கியர் லீவர் பிரேமின் சாய்ந்த குழாயில் இருக்கவேண்டும். பிரேக் கேபிள் ஹேண்டிலுக்கு வெளியே வளைந்து வரவேண்டும். பெடலில் பாதத்தைப் பிடிக்கும் வார் வேண்டும்.

சரி, 74ஆம் ஆண்டு பிரேமில் 78 கியர் இருந்தால்? பலர் அதைக் கழற்றிவிட்டு 74ஐத் தேடிக் காசைக் கொட்டுகிறார்கள். ஓடிய சைக்கிளில் பாகம் தேயும், மாற்றியிருப்பார்கள். ஓட்டியவரே போட்டது என்று தெரிந்தால் நான் அதில் கை வைக்கமாட்டேன். டயரை மட்டும் புதிதாகப் போடுவேன்.