காசியில் இறங்கும் இடம்

காசி நகரம் கங்கையின் மேற்குக் கரையில் மட்டுமே வளர்ந்த ஊர். தெற்கே அஸி ஓடைக்கும் வடக்கே வருணை ஆற்றுக்கும் நடுவே ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிறை போல வளைந்த மேட்டுக்கரை இருக்கிறது. அதன் சரிவில் 80க்கும் மேற்பட்ட படித்துறைகளும் (‘காட்’), மேட்டின் மேல் சந்துகளும் வீடுகளும் அமைந்தன. எதிர்க்கரை தாழ்ந்த மணல்வெளி. மழைக்காலத்தில் வெள்ளம் புகுந்துவிடும். அந்தக் கரையில் உயிர் விட்டவருக்குக் கழுதைப் பிறவிதான் என்ற பேச்சும் சேர்ந்துகொண்டது. 18ஆம் நூற்றாண்டில் காசி மன்னர் பல்வந்த் சிங் ராம்நகர் கோட்டையை அங்கேதான் கட்டினார். அரசரே குடியிருந்தும் யாத்திரிகர் அங்கே இறங்கவில்லை.

மேற்குக் கரையிலும் எல்லா இடமும் ஒன்றாகக் கருதப்படவில்லை. காசி, வாராணசி, அவிமுக்தம், அந்தர்க்கிருகம் என்று ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு வட்டங்களைச் சாத்திரங்கள் வகுத்தன. விசுவநாதர் சன்னிதியை நெருங்க நெருங்கப் புண்ணியம் கூடும் என்பது கணக்கு. இன்னொரு கணக்கின்படி நகரம் ஓங்காரம், விசுவேசுவரம், கேதாரம் என மூன்று கண்டங்கள். தெற்கிலுள்ள கேதார கண்டத்துக்குத் தனிச் சலுகை உண்டு. காசியில் இறப்பவர் முக்திக்கு முன் பைரவர் தரும் யாதனையைப் பட்டாக வேண்டும்; கேதார எல்லைக்குள் இறப்பவருக்கு அதுவும் இல்லை என்கிறது காசி கேதார மாகாத்மியம். ஒரு வாரம் தங்கப் போகிறவருக்கு இந்தக் கணக்கு பெரிதில்லை. ஆனால் முன்பு காசிக்குப் போனவர்களில் கணிசமானவர்கள் திரும்பி வரும் எண்ணம் இல்லாமல் போன முதியவர்கள். அவர்களுக்கு எந்தத் தெருவில் வீடு பிடிப்பது என்பதே வாழ்வின் கடைசிப் பெரிய முடிவு.

இன்று கண்ணில் படும் காசியின் கல்கட்டிடங்களில் பெரும்பாலானவை 18ஆம் நூற்றாண்டுக்கும் அதற்குப் பின்னுக்கும் உரியவை. 1669இல் ஔரங்கசீப்பின் ஆணையால் விசுவநாதர் கோயில் இடிக்கப்பட்டது. இப்போதுள்ள கோயிலை 1780 வாக்கில் இந்தோர் அரசி அகல்யாபாய் ஹோல்கர் கட்டுவித்தார். அந்த நூற்றாண்டு முதல் மராட்டிய அரசர்களும் வங்க ஜமீன்தார்களும் படித்துறைகளையும் மாளிகைகளையும் அன்னசத்திரங்களையும் எழுப்பினார்கள். நாகபுரி போன்ஸ்லேக்களுக்கு ஒரு துறை, சிந்தியாக்களுக்கு ஒரு துறை, தர்பங்கா ராஜாவுக்கு ஒரு துறை என்று ஆற்றங்கரை நிரம்பியது. அரசர் கட்டிய சத்திரத்தைச் சுற்றி அவர் நாட்டுப் புரோகிதர்கள் குடியேறினார்கள். அவர்களைத் தேடி அந்த நாட்டு யாத்திரிகர் வந்தார்கள். அவர்கள் வாய்க்குப் பிடித்த சாப்பாட்டுக்கான கடைகளும் வந்தன. பஞ்சகங்கை, துர்க்கா காட் பக்கம் மராட்டியர், சௌசட்டி காட்டின் பின்னால் பங்காளி டோலாவில் வங்காளிகள், லலிதா காட் அருகே நேபாளிகள் என்று பாஷைவாரியாகத் தெருக்கள் பிரிந்தன. 1800 முதல் சில ஆண்டுகள் காசியில் தங்கியிருந்த நேபாள மன்னர் ராணா பகதூர் ஷா தொடங்கி, 1843இல் நிறைவேறிய மரக்கோயில் இன்றும் லலிதா காட்டின் மேல் இருக்கிறது.

ஆகவே வெளியூரார் தங்குமிடத்தைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. அதைத் தீர்மானித்தவர் பண்டா என்கிற தீர்த்தப் புரோகிதர். ஒவ்வொரு பண்டா குடும்பத்துக்கும் இன்ன சீமை, இன்ன சாதி என்று பரம்பரை உரிமை உண்டு. அதற்குச் சான்று ‘வஹி’ என்னும் நீளமான கணக்குப் புத்தகம். வந்தவரின் ஊர், குலம், தகப்பன், பாட்டன் பெயர்கள், வந்த நாள், உடன் வந்தவர் ஆகியவற்றை எழுதி, கடைசியில் அவரவர் மொழியிலேயே கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். இரண்டு தலைமுறை கழித்துப் பேரன் வந்து ஊர்ப் பெயரைச் சொன்னால், பாட்டனார் இட்ட கையெழுத்தை எடுத்துக் காட்டுவார்கள். அதற்குப் பிறகு வேறொருவர் வீட்டில் தங்குவது ஏது? பண்டாவின் வீட்டு மாடியிலோ, அவர் சொல்லும் சத்திரத்திலோதான் மூட்டை இறங்கும். சந்துகளின் முனையில் இருந்த ‘பாடக்’ என்னும் பெரிய மரக்கதவுகள் இரவில் சாத்தப்படும் என்பதால், தெரிந்தவர் தெருவில் தங்குவது பாதுகாப்பும்கூட.

தமிழர் இறங்கிய இடம் கேதார கண்டம். 17ஆம் நூற்றாண்டில் ஸ்ரீவைகுண்டத்தைச் சேர்ந்த குமரகுருபரர் காசிக்கு வந்து கேதார் காட்டில் மடம் நிறுவினார். கேதாரேசுவரர் கோயில் இன்றுவரை அந்த மடத்தின் நிர்வாகத்தில் இருக்கிறது. அவருடைய சீடர் மரபே 18ஆம் நூற்றாண்டில் திருப்பனந்தாளில் காசி மடத்தை அமைத்தது. கேதார் காட்டுக்குச் சற்றுத் தெற்கே, அரிச்சந்திர காட்டின் சுடலையைத் தாண்டினால், மைசூர் அரசர் பெயரில் இருந்த கர்நாடகா காட். அடுத்தது அனுமன் காட். இதன் மேல் உள்ள சந்துகளில் தென்னாட்டு வைதிகக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. 1898இல் தந்தையை இழந்த சுப்பிரமணிய பாரதி, அத்தை குப்பம்மாளின் வீடான சிவமடத்தில் வந்து தங்கியதும் இந்த அனுமன் காட்டில்தான். 1902 வரை காசியில் படித்தார்.

அனுமன் காட்டில் தங்குவதன் பயன் சிராத்தம் செய்ய வந்தவருக்குத்தான் முழுதாகத் தெரியும். அஸி, தசாசுவமேதம், மணிகர்ணிகை, பஞ்சகங்கை, வருணை சங்கமம் ஆகிய ஐந்து துறைகளிலும் ஒரே நாளில் பிண்டம் போட வேண்டும். வாத்தியார் வீட்டில் காலையில் சங்கல்பம் செய்துகொண்டு, ஈர வேட்டியோடு படியிறங்கிப் படகில் ஏறினால், சாதம் வடிப்பதற்கு அடுப்பும் பாத்திரமும் படகிலேயே போகும். ஒவ்வொரு துறையிலும் முழுக்கு, பிண்டம், மறுபடி படகு. மந்திரம் தெரிந்த வாத்தியார், நம் வழக்கப்படி சமைக்கும் மடி அடுக்களை, அடுத்து பிரயாகைக்கும் கயைக்கும் வண்டி ஏற்பாடு எல்லாம் ஒரே சந்துக்குள் கிடைத்துவிடும். விசுவநாதர் கோயில் சற்றுத் தள்ளி இருப்பது அதனால் யாருக்கும் குறையாகத் தெரிந்ததில்லை.

அந்தப் பயணமே லேசானதில்லை. 1830 மே மாதம் சென்னையிலிருந்து புறப்பட்ட ஏனுகுல வீராசாமி காசிக்குப் போய்த் திரும்பியது 1831 செப்டம்பரில். அவர் எழுதிய ‘காசி யாத்திரை சரித்திரம்’ தெலுங்கின் முதல் பயண நூல்களில் ஒன்று. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜியும் 1820களின் தொடக்கத்தில் பெரும் பரிவாரத்தோடு காசிக்குப் போய் வந்தார். இத்தனை மாதம் வழி நடந்து வந்தவருக்கு, இறங்கியவுடன் தன் மொழி காதில் விழுவது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்ல வேண்டியதில்லை.

நாட்டுக்கோட்டை நகரத்தார் மட்டும் கேதாரப் பக்கத்தை விட்டு, கோயிலை ஒட்டிய கோதோலியாவில் இடம் வாங்கினார்கள். அவர்களுடைய சத்திரம் 1813இல் ஏற்பட்டது. காரணம் கைங்கரியம். விசுவநாதர் பூசைக்கான பாலும் பூவும் வில்வமும் சந்தனமும் சத்திரத்திலிருந்து நாள்தோறும் ‘சம்போ’ என்ற முழக்கத்தோடு கோயிலுக்குப் போகின்றன. நேரம் தவறாமல் போய்ச் சேர வேண்டுமானால் பக்கத்தில் இருந்தாக வேண்டும். முன்பு அங்கே ஓடை இருந்தது. அது தூர்க்கப்பட்டுச் சாலையான பிறகு கோதோலியா நகரின் நடுச்சந்தியாகிவிட்டது. தமிழ் தெரிந்த மேலாளரும் வாழையிலைச் சாப்பாடும் இருந்ததால், செட்டிநாட்டுக்கு அப்பாலுள்ள தமிழர்களும் சத்திரத்தைத் தேடி வந்தார்கள்.

கம்பெனி கால ஆங்கிலேயர் பொதுவாக இந்தச் சந்துகளில் தங்கவில்லை. 1781இல் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ், காசி மன்னர் சைத் சிங்கைச் சிவாலா காட் மாளிகையில் சிறைவைத்தபோது, காவலுக்கு நின்ற சிப்பாய்கள் அந்தக் குறுகிய இடத்தில் கொல்லப்பட்டார்கள்; ஹேஸ்டிங்ஸ் சுனாருக்குத் தப்பி ஓட வேண்டியதாயிற்று. கம்பெனி அதிகாரிகளும் படையும் குடியிருந்தது நகரத்துக்கு வெளியே, வருணைப் பக்கத்துச் சிக்ரோலில். அகலச் சாலை, பங்களா, தோட்டம் என்று வளர்ந்த அந்தக் கண்டோன்மென்ட்டில்தான் ஐரோப்பியருக்கான ஓட்டல்களும் தோன்றின. விடியற்காலையில் வண்டியேறி ஆற்றுக்கு வந்து, படகிலிருந்து படித்துறைகளைப் பார்த்துவிட்டு வெயிலுக்கு முன் திரும்பிவிடுவது அங்கே தங்கியவர்களின் வழக்கம். நகரத்தைக் காட்சியாகப் பார்க்கிற சுற்றுலாவின் நேரக்கணக்கு அங்கே பிறந்தது. இன்றைய சுற்றுலாப் பேருந்துகளும் அதையே பின்பற்றுகின்றன.

ரயில் எல்லாவற்றையும் மாற்றியது. 1862இல் எதிர்க்கரை வரை வந்த பாதை, 1887இல் டஃப்ரின் பாலம் திறந்ததும் நகருக்குள் நுழைந்தது. மாதங்கள் நாட்களாகச் சுருங்கின, கூட்டம் பெருகியது. பண்டா வீட்டு மாடிகள் போதாமல் போகவே, மார்வாடி வணிகர்களும் பிறரும் தர்மசாலைகளைக் கட்டினார்கள். வஹியில் பெயர் இல்லாதவரும் நேரே வந்து அறை கேட்கலாம் என்ற நிலை வந்தது. எங்கே தங்குவது என்ற கேள்வியே யாத்திரிகருக்கு இதற்குப் பிறகுதான் எழுந்தது எனலாம். சாகவே வந்தவர்களுக்குத் தனி விடுதிகளும் தோன்றின. கோதோலியா அருகே 1958இல் தொடங்கிய முக்தி பவன் அவற்றில் பெயர் பெற்றது. தெற்கே 1916இல் நிறுவப்பட்ட இந்து பல்கலைக்கழகம் அஸி பக்கத்துக்கு மாணவர்களையும் ஆய்வாளர்களையும் இழுத்தது. அமெரிக்கக் கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க் 1962 டிசம்பரில் வந்து தசாசுவமேதம் அருகே மாடி அறை ஒன்றில் சில மாதங்கள் இருந்தார். அதன் பின் வந்த வெளிநாட்டு இளைஞர்களால் பங்காளி டோலாவின் பழைய வீடுகள் பல விருந்தினர் விடுதிகளாயின.

2019இல் தொடங்கி 2021 டிசம்பர் 13 அன்று திறக்கப்பட்ட விசுவநாதர் வளாகத்துக்காகக் கோயிலுக்கும் ஆற்றுக்கும் இடையே சுமார் 300 கட்டிடங்கள் வாங்கி அகற்றப்பட்டன. பஞ்சாபிகள் குடியேறிய லாகோரி டோலா அதோடு மறைந்தது. முதியவர்கள் தள்ளுமுள்ளு இல்லாமல் தரிசிக்க முடிவது பெரிய நன்மைதான். ஆனால் கோயிலை ஒட்டித் தங்கிய பழைய தலைமுறைகளின் தெருக்கள் போனது ஈடு செய்ய முடியாத இழப்பு.

கோதோலியாவைச் சுற்றிய பகுதியில் இப்போது பெரும்பாலான நேரம் வாகனங்களை விடுவதில்லை; அங்கே அறை எடுப்பவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தயாராக இருக்க வேண்டும். ஆவணி வெள்ளத்தில் அஸியின் தாழ்ந்த பகுதிகளிலும் தண்ணீர் நிற்கும். கேதாரத்துக்கும் மணிகர்ணிகைக்கும் இடைப்பட்ட மேட்டுச் சந்துகள் அந்த நாட்களில் பத்திரமானவை. கண்டோன்மென்ட்டில் வசதி உண்டு, ஆறு இல்லை. நகரத்தார் 2025இல் தங்கள் புதிய சத்திரத்தைச் சந்துகளுக்கு வெளியே, சிக்ராவில், தங்களுக்குச் சொந்தமான நந்தவன நிலத்தில் திறந்தார்கள்.