கலப்பின நாகு ஏன் காலந்தாழ்த்திச் சினைப்படுகிறது?

கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் மாட்டுப்பட்டி வைத்திருப்போருக்குப் பெரும்போகத்தோடு கவலையும் தொடங்கிவிடும். வயல் விதைத்ததும் மாடுகளை வெளியேற்றியாக வேண்டும். வட்டமடு மேய்ச்சல் தரையோ ஆண்டுக்கணக்காகக் காணிப் பிணக்கில் கிடக்கிறது. அறுவடை முடியும்வரை கிடைத்த புல்தான் தீனி.

நாட்டு மாடு இதைத் தாங்கும். உடலும் சிறிது, தேவையும் சிறிது. ஜேர்சி, பிரீசியன் கலப்பில் பிறந்த நாகு தாங்காது. அது பருவமடைவதை வயதைவிட உடல் நிறையே தீர்மானிக்கிறது. வளர்ந்த பசுவின் நிறையில் ஏறத்தாழ 60 வீதத்தையாவது எட்டிய பிறகே சினைப்படுத்த வேண்டும். முற்றிய புல்லில் புரதம் 7 வீதத்துக்குக் கீழே இறங்கினால் இரைப்பை நுண்ணுயிர்கள் சோர்ந்து, மாடு தின்னும் அளவே குறைந்துவிடும். இரண்டு வயதில் சினைப்பட வேண்டிய நாகு மூன்று வயது தாண்டியும் வெறுமனே நிற்பது பெரும்பாலும் இதனால்தான். அதை மலடென்று இறைச்சிக்கு விற்பது வீண் நட்டம்.

ஈன்ற பசுவுக்கும் இதே நிலைதான். சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். ஆண்டுக்கொரு கன்று வேண்டுமானால் மூன்று மாதத்துக்குள் மறுபடி சினைப்பட வேண்டும். மெலிந்த பசு வேட்கைக்கே வராது.

கைக்கெட்டிய மருந்து, அறுவடைக்குப் பின் நாம் எரிக்கும் வைக்கோல். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் நீரில் முழுதாகக் கரைத்துத் தெளித்து, காற்றுப்புகாமல் மூன்று வாரம் மூடி வைத்தால் புரதமும் செரிமானமும் கூடும். சிறு கன்றுகளுக்கு மட்டும் கொடுக்கக் கூடாது. இனத்தைத் தெரிவதென்றால், மேய்ச்சலை மட்டும் நம்பும் பட்டிக்கு வெப்பம் தாங்கும் சாஹிவால் கலப்பே பொருத்தம்.