வாசலை மறித்து நின்ற ஹோவிட்டா

மெக்சிகோவின் சுதந்திர தினமான செப்டம்பர் 16-ஆம் தேதியன்று, 1926-இல், இக்னாசியோ லொசானோ லாஸ் ஏஞ்சலஸில் 'லா ஒப்பினியோன்' நாளிதழைத் தொடங்கிய கதைதான் இந்த வாரம் வரவேண்டும். ஆனால், டெக்சாஸ் எல்லை ஊரான லரேடோவை எட்டிப் பார்க்காமல் அங்கே போக எனக்கு மனம் வரவில்லை.

லொசானோ 1913-இல் சான் அன்டோனியோவில் ஆரம்பித்த 'லா ப்ரென்சா', மெக்சிகப் புரட்சிக்குத் தப்பி வந்த கனவான்களுக்குத் தாய்நாட்டுச் செய்தியைச் சுமந்து வந்தது. அதற்கு முன்பே லரேடோவில் இடார் குடும்பம் நடத்திய 'லா க்ரோனிக்கா'வுக்குக் கவலையெல்லாம் குடியிருக்கும் ஊரைப் பற்றித்தான். அப்பா நிக்காசியோ ஆசிரியர். மகள் ஹோவிட்டாவும் மகன்கள் கிளெமெண்டே, எடுவார்டோவும் எழுதினார்கள்.

ஹோவிட்டா முதலில் பள்ளி ஆசிரியை. மெக்சிகப் பிள்ளைகளுக்குப் புத்தகம் பற்றாது, உட்கார நாற்காலி பற்றாது. அந்த நிலைமையை வகுப்பறையில் இருந்தபடி மாற்ற முடியாது என்று தெரிந்ததும் வேலையை உதறிவிட்டுப் பேனாவைப் பிடித்தார்.

1910-இல் டெக்சாஸின் ராக்ஸ்பிரிங்ஸில் அன்டோனியோ ரோட்ரிகேஸ் என்ற மெக்சிக இளைஞனை ஒரு கும்பல் உயிரோடு எரித்தது. மறு ஆண்டு தார்ண்டேலில் 14 வயது அன்டோனியோ கோமேஸை இன்னொரு கும்பல் கொன்றது. 'லா க்ரோனிக்கா' கொதித்தது. கண்டித்து எழுதியதோடு நிற்காமல், 1911 செப்டம்பரில் லரேடோவில் மெக்சிக மக்களின் மாநாட்டையே கூட்டியது. அதிலிருந்து பிறந்த பெண்கள் சங்கத்துக்கு ஹோவிட்டா தலைவியானார். ஏழைப் பிள்ளைகளுக்குச் சங்கம் இலவசமாகப் பாடம் சொல்லிக்கொடுத்தது.

1914-இல் அவர் 'எல் ப்ரோக்ரெசோ' பத்திரிகையில் இருந்தார். எல்லைக்குப் படை அனுப்பிய அமெரிக்க அதிபர் வில்சனைக் கண்டித்து அதில் ஒரு தலையங்கம் வெளியானது. அலுவலகத்தை இழுத்து மூட மாநிலக் காவல் படையான டெக்சாஸ் ரேஞ்சர்கள் வந்து இறங்கினார்கள். ஹோவிட்டா வாசலை மறித்து நின்றார். ஆயுதம் தாங்கிய ஆண்கள் திரும்பிப் போனார்கள். பிறகு அவர் இல்லாத நேரம் பார்த்து வந்து அச்சு இயந்திரங்களை அடித்து நொறுக்கினார்கள். சினிமா இவர்களைத்தான் வீரர்கள் என்று கொண்டாடியது. ஆளில்லாத அச்சகத்தில் புகுந்து காட்டுவதற்குப் பெயர் வீரமா?

இடார் குடும்பம் ஓயவில்லை. 1916-இல் 'எவொலூசியோன்' என்ற பத்திரிகையைக் கொண்டுவந்தது. லொசானோ கட்டியது பத்திரிகைச் சாம்ராஜ்யம், மறுக்கவில்லை. ஆனால் குடியிருக்கும் மண்ணில், 'இதுவும் எங்கள் ஊர்தான், இங்கே எங்களுக்கு நியாயம் வேண்டும்' என்று அச்சேற்றியவர்களுக்கே என் முதல் வணக்கம்.

லாஸ் ஏஞ்சலஸுக்கு அடுத்த வாரம் போவோம்.

(தொடரும்)