அபர்ணா சென்

அபர்ணா சென் (பிறப்பு: அக்டோபர் 25, 1945) வங்காளத் திரைப்பட நடிகையும் திரைக்கதை ஆசிரியரும் இயக்குனரும் ஆவார். இருபது ஆண்டுகள் நடிகையாகவே அறியப்பட்ட இவர், 1981ல் தாமே எழுதி இயக்கிய முதற் படத்திற்குச் சிறந்த இயக்குனருக்கான தேசிய விருது பெற்றார்.

நடிப்பு

கல்கத்தாவில் பிறந்தார். இவரது தந்தை சித்தானந்த தாஸ்குப்தா திரைப்பட விமர்சகர். 1947ல் சத்யஜித் ராயுடன் இணைந்து கல்கத்தா திரைப்படச் சங்கத்தை நிறுவியவர்களுள் ஒருவர். ராயின் தீன் கன்யா (1961) படத்தில் மிருண்மயியாக அபர்ணா அறிமுகமானார். பிரையன் பிரேக் 1960ல் எடுத்த புகழ்பெற்ற பருவமழைப் புகைப்படத்தில் மழையை முகத்தில் ஏந்தும் சிறுமியும் இவரே. (அந்த மழை பூவாளியால் ஊற்றப்பட்டது.) பின்னர் நடித்தவற்றுள் பெரும்பாலானவை வணிகப் படங்கள்.

36 சௌரங்கி லேன்

தாம் எழுதிய திரைக்கதையை ராயிடம் காட்டினார். அவர் ஊக்குவித்ததுடன், சசி கபூரை அணுகுமாறும் கூறினார். சசி கபூர் தயாரிக்க, அவரது மனைவி ஜெனிபர் கெண்டல் முதன்மை வேடம் ஏற்றார். கல்கத்தாவில் தனித்து வாழும் ஆங்கிலோ இந்திய ஆசிரியை வயலட் ஸ்டோன்ஹாமின் கதை இது. உறவினர் வெளிநாடு செல்கின்றனர். பள்ளியில் ஷேக்ஸ்பியர் பாடம் அவரிடமிருந்து பறிக்கப்படுகிறது. முன்னாள் மாணவியும் அவளது காதலனும் தனிமை வேண்டி அவர் வீட்டைப் பயன்படுத்திக்கொள்கின்றனர். திருமணத்திற்குப் பின் அவரைத் தவிர்க்கின்றனர். எவரும் கொடியவராகக் காட்டப்படவில்லை என்பதே இப்படத்தின் வலிமை.

பிற படங்கள்

பரமா (1985) மணமான பெண்ணொருத்தியின் காதலைப் பேசியது. அவள் குற்றவுணர்வு கொள்ள மறுப்பது அன்று பெரும் சர்ச்சைக்கு உள்ளானது. சதி (1989), பரோமிதார் ஏக் தின் (2000) ஆகியனவும் குறிப்பிடத்தக்கவை. 1986 முதல் 2005 வரை சானந்தா என்ற வங்காள மகளிர் இதழின் ஆசிரியராகவும் இருந்தார்.

தமிழ் வாசகர் அறியவேண்டிய படம் மிஸ்டர் அண்ட் மிஸஸ் ஐயர் (2002). கலவரத்தில் சிக்கிய பேருந்தில் பயணம் செய்யும் தமிழ்ப் பிராமணப் பெண் மீனாட்சி, உடன்வந்தவர் முஸ்லிம் என்றறிந்ததும் அவரது தண்ணீரைக் குடித்துவிட்டோமே என்று கூசுகிறாள். கொலைகாரர்கள் பேருந்தில் ஏறியதும் அவரையே தன் கணவர் எனக் கூறிக் காப்பாற்றுகிறாள். மீனாட்சியாக நடித்தவர் அபர்ணாவின் மகள் கொங்கணா சென் சர்மா. பேச்சு வழக்கை அறியச் சென்னையில் தங்கிப் பயின்றார். இப்படத்திற்காகத் தாய்க்குச் சிறந்த இயக்குனர் விருதும் மகளுக்குச் சிறந்த நடிகை விருதும் தேசிய அளவில் கிடைத்தன.

கொங்கணாவும் 2016ல் எ டெத் இன் த கஞ்ச் படத்தின் மூலம் இயக்குனரானார்.